ராக் கிட்டாரில் விஞ்சி நிற்பது உணர்ச்சியே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நான் எழுந்து நின்றதிலிருந்து என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

ராக் கிட்டார் வாசிப்பில் விஞ்சி நிற்பது விரல் திறமையா, உணர்ச்சியா? இதுதான் இன்றைக்குத் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ரொம்ப அழகாகப் பேசினாங்க. ஒரு நொடிக்கு எத்தனை சுரம், எந்த விரல் எந்தக் கட்டத்திலே விழணும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் பண்ணணும்னு அடுக்கிக்கிட்டே போனாங்க. கேக்கக் கேக்க எனக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. இவங்க பேசுறது கிட்டாரைப் பத்தியா, தையல் மெஷினைப் பத்தியா? (சிரிப்பு) நிமிஷத்துக்கு எத்தனை தையல் விழும்னு கேட்டு மெஷின் வாங்கலாம் அம்மா. பாட்டை அப்படிக் கேட்டு வாங்க முடியுமா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். திறமை வேண்டாம்னு நான் சொல்ல வரலை. கிட்டாரைத் தலைகீழாப் பிடிக்கிறவனை மேடையில ஏத்தி, இவன் உணர்ச்சியோட வாசிக்கிறான், கைதட்டுங்கன்னு கேக்க மாட்டேன். வீட்டிலே முதலாளியும் இருக்கார், வேலையாளும் இருக்கார். ரெண்டு பேரும் வேணும். ஆனால் யார் சொல்லி யார் கேக்கிறது? ராக் கிட்டாரிலே உணர்ச்சி சொல்லுது, விரல் கேக்குது. இது என் கற்பனை இல்லை. வரலாறு. 1951லிருந்து வரிசையா வர்றேன். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

ஆம்ப்ளிஃபயர்னு ஒரு பெட்டி இருக்கு. நம்ம ஊர் மைக் செட்டுக்காரர் வெச்சிருப்பாரே, அதே ஜாதிதான். அதைச் செய்யிற பொறியாளருக்கு என்ன குறிக்கோள்? உள்ளே போற சத்தம் எப்படி இருக்கோ, அப்படியே சுத்தமா, பெருசா வெளியே வரணும். கரகரன்னு வந்தா அவர் பாஷையிலே அதுக்குப் பேரு பழுது. உடனே திருப்புளியை எடுத்துருவார். (சிரிப்பு)

1951 மார்ச் மாதம். அமெரிக்காவிலே மிஸிஸிப்பி மாநிலத்திலிருந்து ஒரு கறுப்பின இளைஞர் கோஷ்டி, ஐக் டர்னர்ங்கிறவர் தலைமையிலே, பாட்டுப் பதிவு பண்ண மெம்ஃபிஸ் நகரத்துக்குக் காரிலே போகுது. போற வழியிலே வில்லி கைசார்ட்டுங்கிற கிட்டார்க்காரரோட ஆம்ப்ளிஃபயர் அடிபட்டுப் போச்சு. கார் மேலேயிருந்து கீழே விழுந்துச்சுன்னு ஒரு கதை, மழையிலே நனைஞ்சுச்சுன்னு இன்னொரு கதை. எப்படியோ, ஸ்பீக்கர் கெட்டுப் போச்சு. ஸ்டுடியோ வெச்சிருந்தவர் சாம் ஃபிலிப்ஸ். அவர் என்ன பண்ணினார்? வேற பெட்டி கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பலை. கொஞ்சம் காகிதத்தைக் கசக்கி ஸ்பீக்கருக்குள்ளே திணிச்சார். வாசிங்கன்னார். கரகரன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஆஹா, இதுதான் வேணும்னு அப்படியே பதிவு பண்ணிட்டார். அந்தப் பாட்டுதான் ‘ராக்கெட் 88’. அந்த ஆண்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலே முதலிடம். ராக் அண்ட் ரோலோட முதல் இசைத்தட்டே இதுதான்னு சொல்றவங்க இன்னைக்கும் நிறையப் பேர்.

அம்மையாரைக் கேக்குறேன். அந்த அறையிலே திறமை மட்டும் தீர்ப்புச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பழுது பார்த்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கும். காது சொல்லுச்சு, மனசு சொல்லுச்சு, இருக்கட்டும், இதுல ஒரு துடிப்பு இருக்குன்னு. (கைதட்டல்)

ஏதோ ஒரு தடவை நடந்தது, குருட்டாம்போக்குன்னு எதிரணி சொல்லும். சரி, அடுத்ததுக்கு வருவோம். நாஷ்வில் நகரம். மார்ட்டி ராபின்ஸ்ங்கிற பாடகரோட ‘டோன்ட் வொரி’ங்கிற பாட்டு. 1961இலே வெளிவந்தது. பதிவு நடக்கும்போது கருவி ஒண்ணு பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசிச்ச கிட்டார் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுச்சு. அழிச்சுட்டு மறுபடி பதிவு பண்ணலாமேன்னா, வேண்டாம், இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. பாட்டு வெற்றி. அப்புறம் எல்லாரும் வந்து எங்களுக்கும் அந்தச் சத்தம் வேணும்னு கேட்டாங்க. கடைசியிலே அந்த ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி உட்கார்ந்து, அந்தப் பழுதையே வேணும்னே உண்டாக்குற மாதிரி ஒரு சின்னப் பெட்டி செஞ்சார். காலால அமுக்கினா ரீங்காரம் வரும். 1962இலே கிப்ஸன் கம்பெனி அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’னு பேர் போட்டு வித்துச்சு. உலகத்திலே வேற எந்தத் தொழில்லயாவது பழுதைப் பெட்டியிலே அடைச்சு விலைக்கு விப்பாங்களா? (சிரிப்பு) ராக் கிட்டாரிலே வித்தாங்க ஐயா!

அந்தப் பெட்டியைத்தான் 1965இலே கீத் ரிச்சர்ட்ஸ் காலால அமுக்கினார். ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியோட ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’. அந்தப் பாட்டோட ஆரம்பத்திலே கிட்டாரிலே ஒரு சொற்கட்டு வரும். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இதை அவங்க ‘ரிஃப்’னு சொல்லுவாங்க. எத்தனை சுரம் தெரியுமா? மூணு! தூக்கத்திலே தோணுச்சு, எழுந்து நாடாவிலே பதிஞ்சுட்டுப் படுத்துட்டேன், காலையிலே போட்டுக் கேட்டா கொஞ்சம் கிட்டார், மீதி நாடா முழுக்க என் குறட்டைன்னு அவரே சொல்லியிருக்கார். (பலத்த சிரிப்பு) அம்மையார் சொல்ற சாதகம் எங்கே போச்சு? தூங்கிக்கிட்டே வாசிச்சிருக்கார் மனுஷன்! ஜூலை 1965இலே அமெரிக்காவிலே அதுதான் முதலிடம்.

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1964. லண்டனுக்கு வடக்கே ஒரு வீடு. டேவ் டேவிஸ்னு 17 வயசுப் பையன். கையிலே பச்சை நிறத்திலே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். அதுலேயிருந்து வர்ற சுத்தமான சத்தம் பையனுக்குப் பிடிக்கலை. மனசுக்குள்ளே கொதிக்கிறது ஒண்ணு, வெளியே வர்றது இன்னொண்ணு. ஒரு சவர பிளேடை எடுத்தான். ஸ்பீக்கர் காகிதத்தைக் கிழிச்சுட்டான். நம்ம வீட்டுப் பிள்ளை இப்படிப் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்போம்? அந்த பிளேடோட அவனையும் வெளியே அனுப்பியிருப்போம். (சிரிப்பு) அந்தக் கிழிஞ்ச காகிதம் அதிர்ந்து வந்த சத்தத்தோட, கிங்க்ஸ் கோஷ்டியோட ‘யூ ரியலி காட் மீ’ செப்டம்பர் 1964இலே பிரிட்டனிலே முதலிடத்துக்குப் போச்சு. சத்தமான ராக் கிட்டாருக்கெல்லாம் அது ஒரு பாட்டன் பாட்டு.

ஆக, நடுவர் அவர்களே, ராக் கிட்டாரோட குரல் எதிலிருந்து வந்துச்சு? கசங்கின காகிதம், கெட்டுப்போன கருவி, கிழிஞ்ச ஸ்பீக்கர். திறமை அதைக் குறைன்னு சொன்னது. உணர்ச்சி அதை மொழின்னு சொன்னது. யார் சொன்னது நின்னுது? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் தலையை ஆட்டுறார். தெரியும் ஐயா, நீங்க என்ன கேப்பீங்கன்னு. இதெல்லாம் கருவியோட கதை, வாசிக்கிறவன் விரலைப் பத்திச் சொல்லுன்னு கேப்பீங்க. வர்றேன்.

பி.பி. கிங். ப்ளூஸ் இசையிலே பெரியவர். ராக் கிட்டார் வாசிச்ச எத்தனையோ பேருக்குக் குருநாதர் ஸ்தானம். மிஸிஸிப்பியிலே பருத்திக் காட்டிலே வேலை பார்த்து வளர்ந்தவர். அவரோட உறவினர் புக்கா ஒயிட்டுங்கிறவர் கம்பி மேலே உலோகக் குழாயை வெச்சு வழுக்கி வழுக்கி வாசிப்பார். அழுகிற மாதிரி இருக்கும். இவருக்கு அது மேலே ஆசை. ஆனா அந்த வித்தை இவருக்கு வரலை. விரலுக்குப் பிடிபடலை. என்ன பண்ணினார்? வெறும் விரலாலேயே கம்பியை அழுத்திப் பிடிச்சு, மணிக்கட்டை அசைச்சு அசைச்சு, அந்த அழுகையை வரவழைச்சார். நம்ம வீணைக்காரங்க கமகம் பிடிப்பாங்களே, அதுக்குப் பக்கத்து வீடுன்னு வெச்சுக்குங்களேன். அவருக்குப் பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கிற கார்டு வாசிப்பு சரியா வராது. 1988இலே வந்த ‘ராட்டில் அண்ட் ஹம்’ படத்திலே அத்தனை பேர் முன்னாடி அதை வெளிப்படையாவே சொல்றார். அம்மையார் தேர்வு வெச்சா பி.பி. கிங் ஃபெயில்! (சிரிப்பு) ஆனா ஒரே ஒரு சுரம், ஒரே ஒண்ணு, அவர் வாசிச்சாப் போதும், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம், இது கிங்னு. 2015இலே 89 வயசிலே மறையிற வரைக்கும் அந்த ஒரு சுரத்தை எடுத்துக்கிட்டு உலகம் முழுக்கச் சுத்தினார் அந்த மனுஷன். (கைதட்டல்)

இன்னொருத்தர், லிங்க் ரே. கொரியப் போர்க் காலத்திலே அமெரிக்க ராணுவத்திலே இருந்தவர். காசநோய் வந்து ஒரு நுரையீரலையே எடுத்துட்டாங்க. இனிமே பாட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பாட வேண்டிய மனுஷன் பாடலை, கிட்டாரைப் பாட வெச்சார். 1958இலே ‘ரம்பிள்’. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரிலே பென்சிலாலே ஓட்டை போட்டு வாசிச்சது. வார்த்தையே கிடையாது. வெறும் கிட்டார். சில கார்டுகள், மெதுவா, கனமா. ‘ரம்பிள்’னா அந்தக் காலத்துப் பேச்சு வழக்கிலே தெருச் சண்டை. இதைக் கேட்டா பசங்க தெருவிலே சண்டை போடுவாங்கன்னு பயந்து சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க! பாட்டிலே கெட்ட வார்த்தை இருந்தா தடை பண்ணலாம். வார்த்தையே இல்லாத பாட்டை எதுக்காகத் தடை பண்ணினாங்க? விரல் வேகத்துக்காகவா? அது ஆமை வேகம்! உள்ளே இருந்த உணர்ச்சி அவங்களைப் பயமுறுத்துச்சு ஐயா. (கைதட்டல்)

இப்ப நான் சொல்லப் போறது இந்த வழக்கிலே என்னுடைய முக்கியமான சாட்சி. சிரிக்கிற கதை இல்லை.

1965. இங்கிலாந்திலே பர்மிங்காம். தொழிற்சாலை ஊர். டோனி அயோமின்னு 17 வயசுப் பையன், தகட்டுத் தொழிற்சாலையிலே வேலை. இடது கைப் பழக்கம், அதனாலே வலது கை விரலாலே கிட்டார்க் கம்பியை அழுத்துவான். ஜெர்மனிக்குப் போற ஒரு கோஷ்டியிலே வாய்ப்புக் கிடைச்சிருச்சு. தொழிற்சாலையிலே அன்னைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், இனிமே போகலைம்மான்னு சொன்னான். அந்தத் தாய், எடுத்த வேலையை முடிச்சுட்டு வாடா, அரை நாள்தானேன்னு அனுப்பி வெச்சாங்க. எந்தத் தாயா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. போனான். தகடு அழுத்துற இயந்திரத்துக்காரர் அன்னைக்கு வரலை, இவனை அங்கே நிறுத்தினாங்க. இயந்திரம் கை மேலே இறங்குச்சு. நடு விரல், மோதிர விரல், ரெண்டோட நுனியும் போயிருச்சு. கம்பியை அழுத்துற கையிலே, ஐயா!

இனிமே வாசிக்க முடியாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. பையன் இருட்டிலே உட்கார்ந்திருக்கான். தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டை எடுத்துக்கிட்டு வந்தார். கேளுன்னார். வேண்டாம், கிட்டார் சத்தமே கேக்கப் பிடிக்கலைன்னான். கேளுடான்னார். கேட்டான். நல்லாயிருக்குன்னான். அப்பதான் சொன்னார், இந்த மனுஷன் ரெண்டே விரலாலே வாசிக்கிறார்னு. அது ஜாங்கோ ரைன்ஹார்ட். ஜாஸ் மேதை. 1928இலே, அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பிடிச்சு, இடது கையிலே ரெண்டு விரல் முடங்கிப் போனவர். மிச்சமிருந்த ரெண்டு விரலாலே ஐரோப்பாவையே ஆட்டி வெச்சவர்.

அயோமி எழுந்தான். பாத்திரம் கழுவுற திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினான். விரல் நுனிக்கு உறை செஞ்சான். பழைய தோல் சட்டையிலேயிருந்து துண்டு வெட்டி அதுமேலே ஒட்டினான். அந்த உறையோட கனமான கம்பியை அழுத்த முடியலை. மெல்லிய கம்பி கடையிலே கிடைக்கலை. பாஞ்சோங்கிற இன்னொரு வாத்தியத்தோட கம்பியை எடுத்துக் கட்டினான். பிறகு ஒரு கட்டத்திலே கம்பியைத் தளர்த்தி, சுருதியையே மூணு அரைச் சுரம் கீழே இறக்கினான். 1971இலே வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டிலே அதைக் கேக்கலாம். சுருதி இறங்க இறங்க, சத்தம் கனத்துக்கிட்டே போச்சு. கருங்கல் உருள்ற மாதிரி.

அந்தக் கோஷ்டி பேரு பிளாக் சாபத். முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13. முதல் பாட்டு, கோஷ்டி பேரிலேயே. அதோட ரிஃப் எத்தனை சுரம்? மறுபடியும் மூணுதான். நம்ம கணக்கிலே சொன்னா, ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கேயிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். அவ்வளவுதான். சங்கீதம் படிக்க ஆரம்பிச்ச குழந்தை வாசிச்சுரும். ஆனா அந்த மூணு சுரத்துக்குள்ளே பர்மிங்காம் தொழிற்சாலையோட இரைச்சல் இருக்கு. போன விரல் இருக்கு. ஹெவி மெட்டல்னு ஒரு தனி இசை வகையே அதிலேயிருந்து கிளம்புச்சு. (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றத்திலே என்ன பெரிய விஷயம், எவனோ வெள்ளைக்காரன் எப்படி வாசிச்சா நமக்கென்னன்னு யாராவது நினைச்சா, அவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். திறமைதான் பெருசுன்னு வாசல்ல ஒரு காவலாளியை நிறுத்தினா, அந்தக் காவலாளி முதல்ல யாரைத் திருப்பி அனுப்புவான்? விரல் போனவனை. அப்புறம் நுரையீரல் போனவனை. அப்புறம் கார்டு தெரியாத பருத்திக் காட்டுக்காரனை. இவங்க மூணு பேரும் இல்லைன்னா, எதிரணி பெருமையாச் சொல்ற ராக் கிட்டாரே இல்லை ஐயா! (கைதட்டல்)

எதிரணியிலே ஹெண்ட்ரிக்ஸைச் சொன்னாங்க. சொல்லட்டும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மகா திறமைசாலி, நான் ஒத்துக்கறேன். வலது கைக்காரங்களுக்குச் செஞ்ச கிட்டாரைத் திருப்பிப் பிடிச்சு இடது கையாலே வாசிச்சவர். ஓயாம சாதகம் பண்ணினவர். ஆனா அவரை எந்த வாசிப்புக்காக உலகம் நினைச்சுக்கிட்டிருக்கு? 1969 ஆகஸ்ட் 18, திங்கள்கிழமை காலை. வுட்ஸ்டாக் இசை விழா. மூணு நாள் மழையிலேயும் சேத்திலேயும் கிடந்த கூட்டத்திலே பெரும்பகுதி கிளம்பிப் போயாச்சு. அந்தக் காலையிலே அமெரிக்காவோட தேசிய கீதத்தைக் கிட்டாரிலே எடுத்தார். மெட்டு எல்லாருக்கும் தெரிஞ்சது. கடினமே இல்லை. நடுவிலே நிறுத்தி, கிட்டாரை ஸ்பீக்கரோட மோத விட்டு, ஊளையிட வெச்சார். நம்ம மேடையிலே மைக் ‘கூ’ன்னு ஊளையிட்டா மைக் செட்டுக்காரர் விழுந்தடிச்சு ஓடி வர்றாரே, அதே ஊளை! (சிரிப்பு) அந்த ஊளையிலே விமானம் வந்துச்சு. குண்டு விழுந்துச்சு. ஜனங்க அலறினாங்க. வியட்நாம் போர் நடந்துக்கிட்டிருந்த காலம் அது. வாசிச்சவர் யாரு? 1961, 62இலே அமெரிக்க ராணுவத்திலே பாராசூட் படையிலே இருந்தவர். ஒரு வார்த்தை பேசாம, ஒரு நாட்டோட பெருமையையும் வேதனையையும் அதோட கீதத்துக்குள்ளேயே வாசிச்சுக் காட்டிட்டார். இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க அம்மா? வேகத்துக்கா, ஊளைக்கா?

சரி, எதிரணியோட பெரிய சாட்சிக்கு வர்றேன். எடி வான் ஹேலன். 1978. ‘எரப்ஷன்’. ஒரு நிமிஷம் 42 நொடி. ரெண்டு கை விரலையும் கிட்டார்ப் பலகை மேலேயே தட்டித் தட்டி, அருவி மாதிரி கொட்டினார். கேட்டவங்க மிரண்டு போனது உண்மை. ஆனா வான் ஹேலனுக்குச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. சின்ன வயசிலே பியானோப் போட்டியிலே காதாலே கேட்டே வாசிச்சுப் பரிசு வாங்கினவர். கடையிலே இருந்த கிட்டார் எதுவும் மனசிலே கேட்ட சத்தத்தைத் தரலைன்னு, 50 டாலருக்கு ஒரு உடம்பு, 80 டாலருக்கு ஒரு கழுத்து வாங்கி, தானே ஒட்டுப் போட்டு ஒரு கிட்டார் செஞ்சார். திறமை மட்டும் போதும்னா எந்தக் கிட்டாரிலேயும் வாசிச்சிருக்கலாமே? மனசு கேட்டுச்சு, கை செஞ்சுச்சு. உங்க சாட்சி எங்க பக்கம் வந்து உட்கார்ந்துட்டார் ஐயா! (கைதட்டல்)

அடுத்தது, ஸ்வீடன் நாட்டு யிங்வி மால்ம்ஸ்டீன். 1984இலே ‘ரைசிங் ஃபோர்ஸ்’. வேகத்துக்கே மன்னர். அவர் கிட்டார் எடுத்தது எப்படின்னு அவரே சொல்லியிருக்கார். 1970 செப்டம்பர் 18, ஹெண்ட்ரிக்ஸ் இறந்த நாள். டி.வி.யிலே, ஹெண்ட்ரிக்ஸ் மேடையிலே கிட்டாருக்குத் தீ வெச்ச காட்சியைப் போட்டாங்களாம். ஏழு வயசுப் பையன் பார்த்தான். அன்னைக்குக் கிட்டாரை எடுத்தவன்தான். அந்தப் பையனை இழுத்தது சுரக் கணக்கா? தீ ஐயா, தீ! (கைதட்டல்)

அந்த 80களிலே வேகம் ஒரு காய்ச்சலாவே ஆயிருச்சு. ஹாலிவுட்டிலே 1977இலே ஆரம்பிச்ச ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேரே ‘கிட்டார் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி’. பாலிடெக்னிக் மாதிரி! (சிரிப்பு) பாடம் நல்ல பாடம்தான், குறை சொல்லலை. ஆனா சொல்லிக் கொடுக்க முடிஞ்சது எதுவோ, அது சீக்கிரம் எல்லாருக்கும் வந்துரும். ‘எரப்ஷன்’ஐ இன்னைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாசிச்சு இணையத்திலே போடுறாங்க. பார்த்து மெச்சறோம். அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போயிடறோம்.

அப்படி எல்லாரும் வேகமா ஓடிக்கிட்டிருந்தபோது, 1991 செப்டம்பரிலே நிர்வாணாங்கிற மூணு பேர் கோஷ்டி ‘நெவர்மைண்ட்’ வெளியிட்டாங்க. 1992 ஜனவரியிலே மைக்கேல் ஜாக்ஸனையே இறக்கிட்டு அது முதலிடத்துக்கு வந்துச்சு. அதோட முதல் பாட்டு ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’. அதிலே கர்ட் கோபேன் தனி வாசிப்பு வர்ற இடத்திலே என்ன வாசிச்சார்? தான் பாடின மெட்டையே, அப்படியே, திரும்ப வாசிச்சார். வித்தை காட்ட வேண்டிய இடத்திலே வித்தை காட்டலை. தொண்டையிலே நின்ன அழுகையைக் கிட்டார்கிட்டே கொடுத்தார், அவ்வளவுதான். இன்னும் முன்னாடி போனா, 1976இலே நியூயார்க் ராமோன்ஸ். 14 பாட்டு, மொத்தம் 29 நிமிஷம், பதிவுச் செலவு 6,400 டாலர். ஜானி ராமோன் தனி வாசிப்பே வாசிக்கலை. கையைக் கீழ்ப்பக்கமாவே அடிச்சு அடிச்சு வாசிச்சார். அதைப் பார்த்துட்டுத்தான், கடைசி வரிசைப் பசங்களெல்லாம் நம்மாலேயும் முடியும்டான்னு கிட்டார் வாங்கினாங்க.

எதிரணித் தலைவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார், அதுக்குப் பதில் சொல்லாமப் போனா அது நியாயமில்லை. உணர்ச்சி எல்லார்கிட்டயும் இருக்கு, அதை வெளியே கொண்டு வரத் திறமை வேணுமே, அப்ப திறமைதானே பெருசுன்னு கேட்டார். ஐயா, எங்க ஊர்ப் பக்கம் இழவு வீட்டிலே ஒப்பாரி வைக்கிற பாட்டியைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பாட்டிக்கும் திறமை உண்டு. ராகம் தப்பாது, சொல் தடுமாறாது. ஆனா எந்த வீட்டிலேயும் ராகம் முதல்ல வந்து அழுகை அப்புறம் வந்ததில்லை. அழுகை வந்துச்சு, அது தனக்கு வேண்டிய ராகத்தைத் தானே தேடிக்கிச்சு. எவ்வளவு திறமை வேணும்ங்கிறதை உணர்ச்சிதான் தீர்மானிக்குது. அயோமிக்கு மூணு சுரம் போதும்னு சொன்னதும் அதுதான். ஹெண்ட்ரிக்ஸுக்கு முப்பது வேணும்னு சொன்னதும் அதுதான். (கைதட்டல்)

இதுக்கு நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு சாட்சி. ஜான் மக்லாஃப்ளின். இங்கிலாந்துக்காரர். 1971இலே மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சு, மின்னல் வேகத்திலே வாசிச்சு உலகத்தையே வியக்க வெச்சவர். வேகத்திலே அவருக்கு மேலே போக இடமில்லை. அப்புறம் என்ன பண்ணினார்? 1975 வாக்கிலே நம்ம எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம், இவங்களோட சேர்ந்து ‘சக்தி’ன்னு ஒரு குழு அமைச்சார். அதுக்காக ஒரு தனிக் கிட்டார் செய்யச் சொன்னார். விரல் வைக்கிற பலகையிலே மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவிலே மரத்தைக் குடைஞ்சு எடுத்த கிட்டார். எதுக்கு? இன்னும் வேகமா வாசிக்கவா? இல்லை ஐயா. ஒரு சுரத்திலே நின்னு, அதை இழுத்து, அசைச்சு, கமகம் பிடிக்க! வேகத்தோட உச்சிக்குப் போனவர் அங்கேயிருந்து தேடி வந்தது, ஒரு சுரத்துக்குள்ளே இருக்கிற உயிரை. (நீண்ட கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டார். முடிச்சுக்கறேன் ஐயா. ஒரே ஒரு செய்தி.

2025 ஜூலை 5. அதே பர்மிங்காம். வில்லா பார்க் கால்பந்து மைதானம். பிளாக் சாபத் கோஷ்டியோட கடைசி நிகழ்ச்சி. ஆரம்பத்திலே இருந்த நாலு பேரும் அன்னைக்கு மேடையிலே. பாடகர் ஆஸி ஆஸ்பர்னுக்கு நிக்க முடியலை, நாற்காலியிலே உட்கார்ந்தே பாடினார். அதுக்கப்புறம் மூணு வாரம்கூட இல்லை, ஜூலை 22இலே கண்ணை மூடிட்டார். அவர் பக்கத்திலே கிட்டாரோட நின்னது யாரு? இனிமே வாசிக்க முடியாதுன்னு 1965இலே டாக்டர்கள் கையை விரிச்ச அதே டோனி அயோமி. 77 வயசு. விரல் நுனியிலே உறை. மேடைக்கு முன்னாலே, அவரைக் கேட்டு வளர்ந்த ஜனக் கூட்டம். அதே மேடையிலே அன்னைக்கு அவருக்கு முன்னாடி வாசிச்சுட்டுப் போன கிட்டார்க்காரங்களிலே, அவரைவிட வேகமா வாசிக்கத் தெரிஞ்சவங்க எத்தனையோ பேர். அத்தனை பேரும் வந்தது அவருக்கு நன்றி சொல்ல!

வேகம் உள்ளவங்க வந்து வணங்கினது, விரல் நுனி இல்லாத ஒரு கையை. அதுக்கு மேலே நான் சொல்ல என்ன இருக்கு? ராக் கிட்டார் வாசிப்பில் விஞ்சி நிற்பது உணர்ச்சியே, உணர்ச்சியே என்று நல்லதொரு தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)